நான்காவது கேஸ் ஸ்டடி

அந்தப் பாடம் என் தலையில் விழுந்ததற்குக் காரணம் ஒரு குரங்கு.

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா ஆசிரியர்களையும் உட்கார வைத்து யாருக்கு எந்தப் பாடம் என்று முடிவு செய்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு குரங்கு, கணக்கு ஆசிரியரின் ஸ்கூட்டர் மேல் ஏறி அவருடைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சரியாகப் பொருந்தவில்லை. திருப்பிக் கவிழ்த்தது. "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று நான் மனதுக்குள் அதற்கு உதவிக்கொண்டிருந்தபோது முதல்வர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். இம்மாதிரிச் சமயங்களில் "ஓகே சார்" என்று சொல்லிவிடுவது என் பள்ளிக்கூட நாள் முதலான பழக்கம். சொன்னேன். கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் நூலகரைப் பிடித்து, "நான் எதுக்கு ஓகே சொன்னேன்?" என்று கேட்டேன்.

புதிய விருப்பப் பாடமாம். நரம்பியல் பன்மை. மனித மூளைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சிலருக்கு எழுத்துகள் பக்கத்தில் நிற்காமல் ஓடும், சிலருக்குச் சத்தம் வலியாக இருக்கும், சிலருக்குக் கவனம் கைக்குள் அடங்காது. இவர்களைக் குறையுள்ளவர்கள் என்று ஓரம் கட்டாமல் வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்பதுதான் பாடம். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. கவனத்தைப் பற்றிய பாடம், கவனிக்காமல் இருந்த ஒரே காரணத்தால் எனக்கு வந்து சேர்ந்தது.

முதல்வர் நல்ல மனிதர். தமிழ் புரியும், பேச வராது. நான் தெலுங்கில் பேசினால் என் தமிழ் வாடையை ரசித்துச் சிரிப்பார். மறுநாள் என்னை அழைத்து, "நியூரோ அண்டே நராலே கதா மேடம்?" என்றார். நரம்பு சம்பந்தப்பட்டதுதானே என்று. அவருடைய சித்தப்பாவுக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டபோது சரி செய்த டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், சிறப்புரைக்குக் கூப்பிடலாமாம். இது அந்த நரம்பு இல்லை என்று விளக்க எனக்கு ஒரு பீரியட் ஆனது. கடைசியில், "புரிந்தது, புரிந்தது, டாக்டர் தேதி மட்டும் நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

பாடத்துக்குப் புத்தகம் என்று நூலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தது. வெளியே எடுக்கக் கூடாது, அங்கேயே நின்று வாசிக்கலாம். மாணவர்களோ முப்பது பேருக்கு மேல். நூலகரிடம் கெஞ்சியபோது, "எடுத்துக்கினு போனா திரும்பி வராது மேடம். வந்தாலும் பக்கம் வராது" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முந்தைய வருடம் திறந்த புலமை என்று ஒரு இணையவழிப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். ஆறு அமர்வுகளில் நான்கை மறந்துபோனேன். கலந்துகொண்ட இரண்டும் மனதில் ஒட்டிக்கொண்டன. அறிவைப் பூட்டி வைக்காதே, எழுதுவதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுது, தப்பைத் திருத்த எல்லோரையும் விடு, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகட்டும். இவ்வளவுதான் சாரம். சரி, நாமே நம் பாடக் குறிப்புகளை எழுதி இணையத்தில் திறந்து வைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

"ஓப்பன் யுனிவர்சிட்டியா? நமக்கு அனுமதி கிடையாதே!" என்று முதல்வர் பதறினார்.

"இல்லை சார். குறிப்புகளை எல்லோரும் படிக்கலாம், திருத்தலாம். அவ்வளவுதான்."

"பாஸ்வேர்டு போடுவீர்கள் அல்லவா?"

"பாஸ்வேர்டு இல்லாமல் இருந்தால்தான் சார் ஓப்பன்."

"சரி. நம் கல்லூரி ஆட்களுக்கு மட்டும் ஓப்பன்."

"எல்லோருக்கும் சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து காலேஜுக்குமா?"

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை அவருக்கு மனம் ஆறவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

முதல் பக்கத்தில் ஆறு விதிகள் எழுதினேன். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது முதலாவது. காரணம் எழுதாமல் எதையும் நீக்கக் கூடாது என்பது மூன்றாவது. யாரைப் பற்றி எழுதினாலும் பெயர் போடக் கூடாது என்பது நான்காவது. மற்றவை இப்போது நினைவில்லை. யார், எப்போது, எதை எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்பதெல்லாம் தானாகவே பதிவாகும் என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமை எனக்கே வினையாகும் என்று தெரியாது.

அந்த வகுப்பில் நகரியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். காதை மூடும் பெரிய ஹெட்போன் போட்டிருப்பாள். உள்ளே உட்கார மாட்டாள். வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, அங்கிருந்தே எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். மற்ற ஆசிரியர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். நான் முதல் வாரம் அவளைக் கவனிக்கவே இல்லை. இரண்டாம் வாரம் கேட்டேன்.

"உள்ள ஃபேன் சத்தம் மேடம்."

"உங்க வீட்டுல விசைத்தறி ஓடுதுன்னு சொன்னியே. அந்தச் சத்தத்துல இருந்துட்டு வந்தவளுக்கு ஃபேனா?"

"தறி ஒரே மாதிரி சத்தம் போடும் மேடம். நைனா ஓட்டிக்கினே இருப்பாரு, நான் பக்கத்துலயே தூங்கிடுவேன். இந்த ஃபேன் ஒரு சுத்துக்கு ஒரு தபா டக்குங்குது. சில சுத்துல டக்குங்கறது இல்ல. அடுத்த டக்கு எப்ப வரும்னு காத்துக்கினே இருக்கறேன். அப்பால நீங்க சொல்றது எப்படி உள்ள போவும்?"

அன்று நான் கொண்டுபோயிருந்த பாடத்தலைப்பு புலன் உணர்வு வேறுபாடுகள். பதினைந்து ஸ்லைடு. அத்தனையும் அவள் நான்கு வரியில் சொல்லி முடித்துவிட்டாள். ஸ்லைடுகளை மூடிவிட்டு ஃபேனைப் பார்த்தோம். புத்தூர்ப் பையன் ஒருவன் பெஞ்சு மேல் ஏறி ஒரு திருகாணியை முடுக்கினான். டக் நின்றது. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து முதல் வரிசையில் போட்டாள். அன்றிலிருந்து என் சோதனைக் காலமும் ஆரம்பித்தது.

ஏனென்றால் அவளுக்குத் தப்பு கண்ணில் படும். நான் எழுதிய ஒவ்வொரு பத்தியிலும் ஒற்று, கமா, மேற்கோள் மூலம் என்று ஏதாவது ஒன்றைத் திருத்தி, காரணத்தையும் எழுதி வைப்பாள். "மூலம் குறிப்பிடப்படவில்லை." "இந்த வாக்கியம் மூன்றாம் பக்கத்துக்கு முரண்." "மேடம் இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை." நான் வேகமாக எழுதிவிட்டு ஓடுவேன், அவள் பின்னாலேயே சரிசெய்துகொண்டு வருவாள். குறிப்புகள் வளர்ந்தன. மற்ற மாணவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். ஒருவன் தன் தம்பிக்கு எழுத்து ஓடுவதைப் பற்றி எழுதினான், ஒருத்தி வல்லாரைக் கீரை சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினாள். வல்லாரை ஒரு மணி நேரத்தில் நீக்கப்பட்டது. "மூலம்: பக்கத்து வீட்டு அத்தை. ஏற்க இயலாது."

அப்புறம் ரோஜாப்பூ. தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் குறிப்புகளின் முதல் பக்கத்தில் யாரோ ஒரு ரோஜாப்பூ படத்தை ஒட்டி, "சுபோதயம்" என்று தெலுங்கில் காலை வணக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். நான் ஏதோ வெளியூர் வாசகர் என்று மகிழ்ந்திருந்தேன். நகரிப் பெண் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, "பிரின்ஸிபல் சார் மேடம். காலேஜ் குரூப்புன்னு நெனச்சிக்கினு போடறாரு" என்றாள். தினமும் ஏழு மணிக்கு அவள் பூவை நீக்கி, "பாடத்துடன் தொடர்பில்லை" என்று காரணம் எழுதினாள். மறுநாள் ஆறு மணிக்குப் பூ மீண்டும் மலர்ந்தது. இரண்டு பேருமே சளைக்கவில்லை.

எனக்கு வீடு சித்தூரில். தினமும் பஸ்ஸில்தான் போய்வருவேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னலோரம் இடம் கிடைத்து, போனில் குறிப்புகளைத் திறந்தேன். கேஸ் ஸ்டடி பகுதியில் புதிதாக நான்காவது ஒன்று சேர்ந்திருந்தது. பெயர் இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய, படித்த, வேலைக்குப் போகும் ஒரு பெண்மணியைப் பற்றியது.

"இவர் ஒரே நாளில் மூன்று முறை மூக்குக்கண்ணாடியைத் தேடினார். மூன்று முறையும் அது தலையில் இருந்தது. நான்காவது முறை தலையில் இல்லை. வருகைப் பதிவேட்டுக்குள் இருந்தது. வருகைப் பதிவேடு எங்கே இருந்தது என்பது தெரியவில்லை."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"இவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் இன்னொன்றுக்குப் போய், அங்கிருந்து மூன்றாவதற்குப் போய்விடுகிறார். முதல் வாக்கியத்தின் வினைச்சொல் சில சமயம் மறுநாள் வருகிறது."

பாவம் யாரோ, இந்த அம்மாவை வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"பேசும்போது மார்க்கர் பேனாவின் மூடியைக் கடிப்பார். ஒருநாள் மூடி என்று நினைத்து மறுமுனையைக் கடித்துவிட்டார். அன்று முழுவதும் உதடு நீலமாக இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை."

இந்த இடத்தில் சிரிப்பு நின்றது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மாலை, பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்து, "நாவப்பழ சீசனா மேடம் திருப்பதில?" என்று கேட்டிருந்தார். நான் ஆமாம் என்று சொல்லி, அதன் மருத்துவ குணங்களை வேறு விளக்கியிருந்தேன்.

காது சூடாகிவிட்டது. மேலே படிக்கவில்லை. பஸ் சந்திரகிரியைத் தாண்டும்போது மொத்தத்தையும் அழித்தேன். திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்குவதற்குள் அது திரும்ப வந்திருந்தது. "காரணம் எழுதாமல் நீக்கப்பட்டதால் மீட்கப்பட்டது. விதி 3."

மறுபடி அழித்தேன். காரணம் என்ற கட்டத்தில் "தேவையில்லை" என்று எழுதினேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் பார்த்தேன். மீண்டும் வந்திருந்தது. "'தேவையில்லை' என்பது காரணம் அல்ல. கருத்து."

அதே வேகத்தில் வகுப்புக்குள் போனேன். முப்பது முகங்களும் என்னைப் பார்த்த விதத்திலேயே எல்லோருக்கும் தெரியும் என்று புரிந்துவிட்டது.

"அந்த நாலாவது கேஸ் ஸ்டடி யார் எழுதினது?"

நகரிப் பெண் தயங்காமல் எழுந்தாள். "நான்தான் மேடம்."

"என்னப் பத்தி எழுதுவியா நீ?"

"பேரு போடலியே மேடம். நாலாவது விதி."

"பேரு போடலன்னா? ஊருக்கே தெரிஞ்சு போச்சே!"

அவள் சற்று யோசித்தாள். "இல்ல மேடம். நீங்க ரெண்டு தபா அழிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. பதிவுல உங்க பேரு இருக்குதே. அதுக்கு முன்னால எல்லாரும் கம்ப்யூட்டர் மேடம்னு நெனச்சிக்கினு இருந்தாங்க."

பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"ஒருத்தரப் பத்தி எழுதணும்னா முதல்ல அவங்ககிட்ட கேக்கணும். தெரியாதா?"

"அது விதியில இல்ல மேடம்."

இல்லைதான். ஒருவரைப் பற்றி எழுதும் முன் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பது ஆராய்ச்சியின் அரிச்சுவடி. அதை மூன்றாவது வாரத்தில் நடத்துவதாகப் பாடத்திட்டத்தில் எழுதியிருந்தேன். மூன்றாவது வாரம் குரங்குகளின் மூளையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அங்கேயே தங்கிவிட்டேன். நடத்தாத பாடத்துக்கு மாணவியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. போர்டில் ஏழாவது விதி என்று எழுதினேன்: "ஒருவரைப் பற்றி எழுதும் முன் அவருடைய அனுமதியைப் பெற வேண்டும்."

அவள் அதைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், போனை எடுத்தாள். இரண்டு நிமிடத்தில் கேஸ் ஸ்டடியை அவளே நீக்கினாள். "காரணம்: விதி 7. இன்று காலை சேர்க்கப்பட்டது." பிறகு மறுபடி எழுந்தாள்.

"இப்ப கேக்கறேன் மேடம். திருப்பிப் போடலாமா?"

"கூடாது!"

"சரி மேடம்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. விதி தெளிவானதில் ஒரு திருப்தி மட்டும்தான் இருந்தது. வருத்தமெல்லாம் எனக்குத்தான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் கணவர் வாசலிலேயே, "இன்னாமே, அந்தப் பொண்ணு பிரமாதமா எழுதிக்கீறா!" என்றார். அவர் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் மேற்பார்வையாளர். யாரோ இணைப்பை அனுப்பியிருக்கிறார்கள். நான்தான் உலகத்துக்கே திறந்து வைத்திருந்தேனே.

"படிச்சீங்களா?"

"காலையிலயே படிச்சிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் உட்டுட்டா. அந்தக் குக்கர் மேட்டரு. அரிசியே போடாம வெறும் தண்ணிக்கு மூணு விசில் வெச்சியே. நானே சேத்துடலாம்னு போறதுக்குள்ள காணாம பூடுச்சு."

நான் கைப்பையை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தேன். அவர் பயந்துபோனார். எனக்கே ஏன் என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து "கவனம் எங்க இருக்குது உனக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. பதில் தெரிந்திருந்தால் நானே போய் எடுத்து வந்திருக்க மாட்டேனா? மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பதை நான் மூன்று தடவை பார்த்து, மூன்று பட்டியல் எழுதி, அந்தப் பட்டியல்களைத் தேட நான்காவதாக ஒன்று எழுதி, எப்படியோ படித்து, தேர்வெழுதி, வேலை வாங்கி, இருபது வருடம் யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டதாக நினைத்திருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது.

"கடைசி வரைக்கும் படிச்சியா?" என்றார் கணவர்.

"இல்ல. பேனா வரைக்கும்."

"அதான பார்த்தேன். எதத்தான் நீ முழுசாப் படிச்ச?" அவர் போனை எடுத்தார். அழிவதற்கு முன்பே நகல் எடுத்து வைத்திருந்தார். மாம்பழ லோடுச் சீட்டு படிக்கும் குரலில் படித்தார்:

"இவரைச் சோம்பேறி என்றோ அக்கறை இல்லாதவர் என்றோ சொல்ல முடியாது. தொலைத்த பொருட்களைத் தேடும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் இவர் மற்ற எல்லோரையும்விட அதிகம் உழைக்கிறார். இவர் ஒன்றை விளக்கத் தொடங்கிவிட்டால் மணி அடிப்பது இவருக்குக் கேட்பதில்லை. எங்களுக்கும் கேட்பதில்லை. முடிவு: இவரை இதுவரை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை."

அவர் போனை வைத்தார். பிறகு, "கடைசி வரி எனக்குத்தான் எழுதினாப்போல கீது" என்றார்.

வேலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினோம். வியாழக்கிழமை என்று குறித்து வைத்து, வியாழக்கிழமையே போனோம். அடுத்த வியாழக்கிழமையாம். வரவேற்பில் இருந்த பெண், "இந்த டாக்டர்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு இப்படித்தான் வருவாங்க, உக்காருங்க" என்று அன்றைக்கே உள்ளே அனுப்பினாள். மருத்துவர் நிறையக் கேட்டார், என்னைச் சில தாள்களை நிரப்பச் சொன்னார். இன்னும் இரண்டு முறை வரச் சொன்னார். மூன்றாவது முறை, ஆமாம், கவனச்சிதறல் வகைதான், பிறவியிலேயே உள்ளது என்றார்.

இப்படிக் கேட்டதும் பெரிய நிம்மதி வரும் என்று எங்கள் குறிப்புகளில் நானே எழுதியிருந்தேன். எனக்கு வரவில்லை. முதலில், நான் படித்த கார்வேட்டிநகரத்தில் என்னை வருடம் முழுவதும் பெஞ்சு மேல் நிற்கவைத்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் மேல் கடுமையான கோபம் வந்தது. அப்புறம் பசித்தது. பிரியாணி சாப்பிட்டோம். குடையை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். நிம்மதி, மாத்திரை சாப்பிடத் தொடங்கிச் சில வாரம் கழித்து ஒரு நாள் ஒரு கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தபோதுதான் வந்தது. அது மின்வாரிய அறிவிப்பு.

நகரிப் பெண்ணிடம் போய், "அத மறுபடி போட்டுக்கோ" என்றேன்.

"எழுத்துல குடுங்க மேடம்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். குக்கர் விஷயமும் சேர்ந்தது. "தகவல்: வீட்டிலிருந்து."

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. கட்டடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். முதல்வர் என்னை அழைத்தார்.

"மேடம், நம்மிடம் நியூரோ மாணவர்கள் எத்தனை பேர்? பட்டியல் வேண்டும். வாசலில் வரிசையாக நிறுத்தி, குழுவினருக்குப் பூ கொடுக்க வைக்கலாம்."

"பட்டியல் கொடுக்க முடியாது சார். அவர்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. ஏழாவது விதி."

"இரண்டு பேராவது?"

"முடியாது சார்."

"குழு கேட்டால் ஒருவரையாவது காட்ட வேண்டாமா? பேனர் அடித்துவிட்டேனே!"

குழு வந்தது. மூன்று பேர். மூத்தவராக இருந்தவர் எங்கள் வகுப்பில் உட்கார்ந்து, திரையில் குறிப்புகளைப் பார்த்தார். யார் என்ன எழுதினார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நகரிப் பெண் பதிவைத் திறந்து காட்டினாள். திரை முழுவதும் முதல்வரின் பெயர், ரோஜாப்பூ, நீக்கம், "பாடத்துடன் தொடர்பில்லை", முதல்வரின் பெயர், ரோஜாப்பூ, நீக்கம். கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது. முதல்வர் அன்றைக்குத்தான் தன் பூக்கள் எங்கே போய்க்கொண்டிருந்தன என்பதை அறிந்தார்.

"நல்லெண்ணம் சார்" என்றார் மெதுவாக.

மூத்தவர் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "சரி, இந்தப் பாடத்தால் பயன்பெறும் ஒருவரையாவது நாங்கள் சந்திக்கலாமா?" என்றார். முதல்வர் என்னைப் பார்த்தார். மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். யோசித்து எதையும் செய்பவள் அல்ல நான்.

"நான்தான் சார். அந்த நாலாவது கேஸ் ஸ்டடி."

முதல்வர் எழுந்தே விட்டார். "லேது சார்! மேடம் நார்மலே! ரொம்ப நார்மல்! நான் கேரண்டி!"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். மூத்தவர் சிரிக்கவில்லை. கேஸ் ஸ்டடியை முழுக்கப் படித்தார். இடையில் ஒரு தடவை தன் தலையைத் தொட்டு, மூக்குக்கண்ணாடி அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அறிக்கை சில வாரத்தில் வந்தது. எங்கள் துறைக்குப் பாராட்டு. "இத்துறை திறந்தவெளிக் கற்பித்தலில் முன்மாதிரியாக விளங்குகிறது" என்று எழுதியிருந்தார்கள். திறந்த குறிப்புகள் என்று நாங்கள் சொன்னதை யாரோ அப்படி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தக் கடிதம் எழுதலாம் என்றேன். முதல்வர் ஒத்துக்கொள்ளவில்லை. பாராட்டைத் திருத்துவார்களா என்று கேட்டுவிட்டு, ஒரே வாரத்தில் பின்பக்கத்துப் புங்க மரத்தடியில் சிமென்ட் பெஞ்சுகள் போட்டார். வாரம் இரண்டு நாள் நாங்கள் அங்கே உட்கார்ந்தாக வேண்டும் என்பது உத்தரவு.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம், வெதுருகுப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அங்கன்வாடியில் வேலை செய்கிறவர். எங்கள் குறிப்புகளின் தமிழ்ப் பக்கங்களை அச்செடுத்து, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எங்களுக்கு வெளியூர் வாசகர் என்று ஒருவர் நிஜமாகவே இருந்திருக்கிறார். 

"இத எழுதினது யாரு?" என்றார் நேராக.

நாங்கள் எல்லோரும்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுல நாலாவதுல வர்ற அம்மா இருக்காங்களே, அது யாரு?" என்றார்.

"நான்தான்மா."

"அப்ப செரி. சொன்னா புரிஞ்சிக்குவீங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். "பதினோராம் பக்கம் தப்பு மேடம். புள்ளைங்க சாப்பாட்டுல அடம் புடிப்பாங்கன்னு எழுதிக்கீறீங்க. என் புள்ள அடமே புடிக்கறது இல்ல. பருப்புல தக்காளித் தோலு இருந்தா வாயில வெக்க முடியாது அவனுக்கு, ஒமட்டும். தோல எடுத்துட்டா ரெண்டு தட்டு துன்னுவான். முடியாதத அடம்னு சொன்னா எப்படி? எங்க ஸ்கூல் டீச்சரம்மா இந்தப் பக்கத்தக் காட்டியே என்னத் திட்டினாங்க."

பதினோராம் பக்கம் நான் எழுதியது. நகரிப் பெண் எத்தனையோ முறை அதில் கமாவைத் திருத்தியிருந்தாள். அந்தச் சொல் அவள் கண்ணிலும் படவில்லை. அவள் முகம் சுருங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"நான் உட்டுட்டேன் மேடம்" என்றாள்.

"ரெண்டு பேருமே உட்டுட்டோம்" என்றேன்.

"உட்டா போவுது, இப்ப எழுதுங்க" என்றார் அந்தப் பெண். மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல, நகரிப் பெண் போனில் எழுதினாள். அவர் வேகமாகச் சொல்வார், இவள் நிறுத்தி, "வழவழன்னு இருக்குதா, கொழகொழன்னு இருக்குதா? ரெண்டும் வேற" என்பாள். அவர் கண்ணை மூடி யோசித்து, "வழவழ" என்பார். ஒரு பத்திக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் எழுதியிருந்தால் இரண்டு நிமிடம், தப்பாக. முதல்வர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, திறந்தவெளிக் கற்பித்தல் நடக்கிறது என்று திருப்தியுடன் உள்ளே போனார்.

"படிச்சிக் காட்டு" என்றார் அந்தப் பெண். நகரிப் பெண் படித்தாள். அவர் தன் போனிலும் திறந்து, எழுத்துக் கூட்டித் தானே ஒரு முறை படித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"தக்காளிக்கு அப்பால ஒரு 'த்' வராதா?"

நகரிப் பெண் குனிந்து பார்த்தாள். தக்காளித் தோல். ஒற்று விட்டுப்போயிருந்தது. அவள் உடனே திருத்தினாள். காரணம் கேட்ட கட்டத்தில், "வெதுருகுப்பம் அம்மா சொன்னார்கள். சரி" என்று எழுதிச் சேமித்தாள்.